பராஷா முன்னே, பத்திரிகை பின்னே

சனிக்கிழமை காலை. யூதர்களின் ஜெப ஆலயத்தில் தோரா வாசித்து முடிந்து, சுருளைத் திரும்பப் பேழையில் வைத்தாயிற்று. ஒருவர் எழுந்து ஏழு நிமிடம் பேசுகிறார். அன்று வாசித்த பகுதியைத் தொட்டு, அந்த வாரம் நாட்டிலும் ஊரிலும் நடந்ததைப் பேசுவார். இதற்கு 'த்வார் தோரா' என்று பெயர். ரபிதான், அதாவது மதகுருதான், பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. பல் மருத்துவர் பேசுவார், பள்ளி ஆசிரியர் பேசுவார், பார் மிட்ஸ்வா என்ற பருவச் சடங்கை முடிக்கும் 13 வயதுப் பையனும் பேசுவான். கேட்பவர்களில் பாதிப்பேருக்குப் பசி வந்திருக்கும். இந்த ஏழு நிமிடம் பெரும்பாலும் கெடுவது ஒரே காரணத்தால்தான்: பேசுபவர் செய்தியை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கு ஏற்ற வசனத்தைத் தேடிப் போகிறார். தேடினால் எப்படியும் ஒன்று கிடைத்துவிடும். அதுதான் வினையே.

முதலில் நாட்காட்டிக் கணக்கு. தமிழ் வேதாகமத்தில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரையுள்ள ஐந்து நூல்களே தோரா. அது 54 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியும் ஒரு பராஷா. ஒரு பராஷாவுக்குள் ஏழு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் மேடைக்கு அழைக்கப்படுவார். சிம்ஹத் தோரா பண்டிகையன்று உபாகமத்தின் கடைசி வரி முடிந்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரி தொடங்கிவிடும். எந்த வாரம் எந்தப் பகுதி என்பது பேசுபவர் கையில் இல்லை. தேர்தல் வாரத்தில் தோல்நோய்ச் சட்டங்கள் வரும். போர் நடக்கும் வாரத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை அளவுகள் வரும். பிடிவாதமான இந்த ஏற்பாடுதான் இந்தப் பழக்கத்தின் பலம்.

நாட்காட்டியிலேயே தடுக்கி விழுபவர்கள் உண்டு. பஸ்காவின் எட்டாம் நாள் சனிக்கிழமையில் வந்தால் இஸ்ரவேலுக்கு வெளியே அன்று பண்டிகை வாசிப்பு. இஸ்ரவேலிலோ பண்டிகை ஏழே நாளில் முடிந்துவிடுவதால் அங்கே வழக்கமான பராஷா. அதற்குப்பின் இரண்டு இடங்களும் ஒரு வாரம் விலகியே போகும். 2022இல் இந்த விலகல் ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூலை முடியும்வரை நீடித்தது. நியூயார்க்கில் பேச வேண்டியவர் எருசலேமிலிருந்து வரும் கட்டுரையைப் பார்த்துத் தயாரித்தால் அடுத்த வாரப் பராஷாவைப் பேசி நிற்பார். சில ஆண்டுகளில் இரண்டு பராஷாக்களைச் சேர்த்து வாசிப்பார்கள். இப்படிச் சேரக்கூடிய ஜோடிகள் ஏழு. கன்சர்வேட்டிவ், சீர்திருத்தம் என்ற யூதப் பிரிவுகளின் சபைகள் பலவற்றில் மூன்றாண்டுச் சுழற்சி உண்டு, அதாவது பராஷாவில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அந்த ஆண்டு வாசிப்பார்கள். நீங்கள் எடுத்த வசனம் அன்று வாசிக்கும் பங்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஹெப்கால் போன்ற இலவச நாட்காட்டித் தளத்தில் ஊரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் இவை எல்லாம் இரண்டு நிமிட வேலை.

தமிழில் படித்துத் தயாரிப்பவர்களுக்கு இன்னொரு பொறி, வசன எண். எபிரேய நூலில் யாத்திராகமம் 22:20 ஆக இருப்பது தமிழ் வேதாகமத்தில் 22:21. உபாகமம் 23ஆம் அதிகாரம் முழுவதும் ஓர் எண் தள்ளிப்போகும். ஆதியாகமம் 32ஆம் அதிகாரமும் அப்படித்தான். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போனால் சபையில் புத்தகம் புரட்டுபவர்கள் வேறு வசனத்தில் நிற்பார்கள்.

இனி வாரத்தின் நடை. ஞாயிறன்று பராஷாவை முழுவதும் ஒரே மூச்சில் படித்துவிட வேண்டும், உரையாசிரியர் யாரையும் தொடாமல். அதோடு ஹஃப்தாராவையும், அதாவது தீர்க்கதரிசன நூல்களிலிருந்து இணைத்து வாசிக்கும் பகுதியையும். மரபில் இதற்கு ஓர் அளவே இருக்கிறது: மூல வசனத்தை இரண்டு முறை, ஒன்கெலோஸின் அரமேய மொழிபெயர்ப்பை ஒரு முறை. ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூதில் பெராகோத் என்ற நூல், 8ஆம் தாளின் முதல் பக்கம் (8அ), சொல்வது இது. அரமேயத்துக்குப் பதிலாக ராஷி உரையைப் படித்தாலும் போதும் என்று பின்னால் வந்த சட்டத் தொகுப்பு ஒப்புக்கொள்கிறது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஒரேயடியாக முடிக்கப் பார்த்தால் பாதியில் தூக்கம் வரும். பராஷாவின் ஏழு பிரிவும் வாரத்தின் ஏழு நாளும் ஒத்துப்போவதால் நாளுக்கு ஒரு பிரிவு என்று படிப்பவர்கள் அதிகம்.

திங்களன்று இடறும் இடத்தைக் குறியுங்கள். அழகான இடத்தை விட்டுவிடுங்கள். இடறும் இடம்தான் வேண்டும். தேவையில்லாமல் திரும்ப வரும் சொல், இரண்டு வசனங்களுக்கு இடையே முரண், நியாயமாகப் படாத தண்டனை. எருசலேமின் நெஹாமா லைபோவிட்ஸ் 1942 முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாராவாரம் கேள்வித்தாள் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பி, திரும்பி வரும் விடைகளைச் சிவப்பு மையில் திருத்தியவர். அவர் சளைக்காமல் கேட்ட கேள்வி ஒன்று: ராஷிக்கு இங்கே என்ன உறுத்தியது? 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவாவில் வாழ்ந்த ராஷி, காரணமில்லாமல் ஒரு வரி எழுதமாட்டார். அவர் உரை எழுதியிருக்கும் இடத்தில் மூலத்தில் ஏதோ முள் இருக்கிறது. அந்த முள் அகப்பட்டுவிட்டால் உரையில் பாதி முடிந்த மாதிரி.

செவ்வாயும் புதனும் உரையாசிரியர்களுக்கும் சட்ட நூல்களுக்கும். ராஷி சொன்னதை ரம்பான் என்ற பிற்கால உரையாசிரியர் மறுக்கிறாரா? தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னாவும், தல்மூதும் அந்த வசனத்தை வைத்து என்ன சட்டம் செய்தன? செஃபாரியா என்ற இலவச இணைய நூலகத்தில் வசனத்தைத் தொட்டால் அதை மேற்கோள் காட்டும் நூல்கள் எல்லாம் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும். அங்கேதான் மூழ்கிப்போகும் ஆபத்தும். மூன்று மூலங்களுக்கு மேல் எடுத்தால் ஏழு நிமிடத்துக்குள் அடங்காது. வியாழன் வந்த பிறகே செய்தித்தாளைத் திறக்க வேண்டும். அதுவரை திறக்காமல் இருப்பவர் உலகத்தில் யாரும் இல்லை என்பது வேறு விஷயம். குறைந்தது, உரைக்காக என்று திறக்காதீர்கள்.

சரியாக அமையும் இணைப்பு எப்படி இருக்கும் என்பதற்குக் கூலி பற்றிய வசனங்களைப் பார்க்கலாம். கெதோஷிம் பராஷாவில், லேவியராகமம் 19:13, கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது. கி தெத்ஸே பராஷாவில், உபாகமம் 24:15, சூரியன் அஸ்தமிக்கும் முன் கொடுத்துவிடு என்கிறது. ஒரே கடனுக்கு இரண்டு கெடு. முள் இதுதான். ராஷி தல்மூதை ஒட்டி விடை சொல்கிறார்: முதல் வசனம் பகலில் வேலை செய்து மாலையில் இறங்குபவனுக்கு, அவனுக்குக் கொடுக்க முதலாளிக்கு இரவு முழுவதும் நேரம், இரண்டாவது இரவு வேலைக்காரனுக்கு, அவனுக்குக் கொடுக்க மறுநாள் பகல் முழுவதும். வேலை முடிந்த பின் பன்னிரண்டு மணி நேரம், அவ்வளவே அவகாசம். 'அதன்மேல் அவன் தன் உயிரை வைத்திருக்கிறான்' என்ற சொற்றொடரைத் தல்மூதின் பாபா மெத்ஸியா 112அ இப்படி விரிக்கிறது: இவன் ஏன் சரிவில் ஏறினான், ஏன் மரத்தில் தொங்கினான், ஏன் சாவுக்குத் துணிந்தான்? கூலிக்காகத்தானே?

இஸ்ரவேலில் 1958ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்புச் சட்டம் தாமதமான சம்பளத்தை 'ஹலானத் ஸஹார்' என்றே குறிக்கிறது. லேவியராகம வசனத்தின் 'லோ தாலின்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் அது: கூலி முதலாளி வீட்டில் இரவு தங்குவது. மாதச் சம்பளம், தர வேண்டிய நாளிலிருந்து 9ஆம் நாள்வரை வராவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது இரவு தங்கிய சம்பளம். ஆக இங்கே வசனத்துக்கும் இன்றைய வாழ்வுக்கும் நடுவே பேசுபவர் பாலம் கட்ட வேண்டியதே இல்லை. சட்டமன்றம் ஏற்கெனவே கட்டி வைத்துவிட்டது. வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள பிலிப்பைன்ஸிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்திருக்கும் பராமரிப்பாளர், வெள்ளி மதியம் வீடு துடைத்துப்போகும் பெண், சனிக்கிழமை இரவு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மாணவி ஆகிய மூவரையும் உரைக்குள் கொண்டுவரலாம்.

ஆனால் மிஷ்னா (பாபா மெத்ஸியா 9:12) ஒரு நிபந்தனை வைக்கிறது: வேலையாள் கேட்டால்தான் முதலாளி குற்றவாளி, கேட்காவிட்டால் வசனத்தை மீறியவர் ஆகமாட்டார். இதை மறைத்துவிட்டுப் பேசினால் மூன்றாம் வரிசையில் இருக்கும் வழக்கறிஞர், தொழுகைக்குப் பிந்தைய கித்தூஷ் விருந்தில் உங்களைப் பிடித்துக்கொள்வார். சொல்லிவிட்டால் அதுவே உரையின் நடுக்கண்டம் ஆகிவிடும். கேட்கப் பயப்படுகிறவரை என்ன செய்வது? வேலை போனால் விசாவும் சிக்கல் என்று வாய் திறக்காத பராமரிப்பாளர் 'கேட்கவில்லை' என்பது சம்மதமா? மூல நூல் உங்களை எதிர்த்துக் கேள்வி கேட்கும் இடம் இது. இதுவே கடைசி இரண்டு நிமிடத்துக்குப் போதும். முடிவில் செய்யக்கூடியதாக ஒன்றைச் சொல்லலாம்: வேலை முடிந்து படியிறங்கும் முன் கையிலோ செயலியிலோ பணம் போய்விட வேண்டும், 'ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்' என்ற பேச்சு கூடாது. கேட்டவர் வீட்டுக்குப் போய் அன்றே செய்யக்கூடியது. (அன்றே என்றால் ஷப்பாத், அதாவது வெள்ளி சூரியன் மறைவது முதல் சனி இரவு வரையிலான ஓய்வுநாள், முடிந்த பிறகு; அதுவரை பணத்தைத் தொட முடியாது.)

இதற்கு நேர் எதிரான வகை, சொல் ஒற்றுமையை வைத்துப் பின்னுவது. 2023 அக்டோபர் 7 தாக்குதல் நடந்து இரண்டு வாரம் கழித்து, 21ஆம் தேதி, நோவாவின் பராஷா வந்தது. ஆதியாகமம் 6:11இல் தமிழ் வேதாகமம் 'கொடுமை' என்று சொல்லும் இடத்தில் எபிரேயச் சொல் 'ஹமாஸ்'. பூமி ஹமாஸால் நிறைந்திருந்தது! துக்கத்தில் இருந்த சபைக்கு அது மின்னல் வெட்டிய மாதிரி இருந்திருக்கும். ஆனால் அந்தத் தாக்குதலை நடத்திய ஹமாஸ் இயக்கத்தின் பெயர் ஓர் அரபுச் சுருக்கம்; அரபியில் அந்தச் சொல்லுக்கு ஊக்கம், வேகம் என்று பொருள். இரண்டும் தற்செயலாக ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. அதைவிட முக்கியமானது, ராஷி அந்த ஹமாஸைக் கொள்ளை என்று படிக்கிறார்: தன் சொந்தச் சமூகத்துக்குள் ஒருவன் அடுத்தவன் பொருளைப் பறிப்பது. வசனத்தின் விரல் வெளியே நீளவில்லை. சொல் விளையாட்டால் பேச்சைத் தொடங்கலாம், தவறில்லை. அதன்மேல் வீடு கட்ட முடியாது.

அதற்கடுத்த வாரம், 28ஆம் தேதி, லெக் லெகா. சிறைபிடிக்கப்பட்ட லோத்தை மீட்க ஆபிராம் 318 பேருடன் கிளம்பும் கதை அதில்தான் வருகிறது. காஸாவில் அப்போது ஏறத்தாழ 250 பிணைக்கைதிகள். இந்தப் பொருத்தம் உண்மையானது, ஏனென்றால் சிறைமீட்பு என்பது யூதச் சட்டத்தில் பெயருள்ள கடமை: 'பித்யோன் ஷ்வுயிம்'. இதைவிடப் பெரிய அறம் இல்லை என்று சட்ட அறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்தார். ஆனால் மிஷ்னா (கித்தின் 4:6) சிறைப்பட்டவரை அவர் மதிப்புக்கு மேல் விலை கொடுத்து மீட்காதே என்கிறது. தல்மூத் காரணம் தேடுகிறது: சமூகத்தின்மேல் சுமை ஏறும் என்பதாலா, பிடிப்பவர்கள் இன்னும் பிடிப்பார்கள் என்பதாலா? உயிருக்கு ஆபத்து என்றால் விதி தளரும் என்று கருதிய பிற்கால உரையாளர்களும் உண்டு. 2011இல் கிலாத் ஷாலித் என்ற ஒரு சிப்பாய்க்காக 1,027 கைதிகள் விடுவிக்கப்பட்டபோது நாடே இதே வரிகளை வைத்துத்தான் வாதாடியது. இந்த இடத்தில் பேசுபவர் செய்யக்கூடிய பெரிய தவறு, இரண்டு மூலத்தில் ஒன்றை மட்டும் சொல்வது. ஆபிராம் போனான், ஆகவே நாமும் என்று முடித்தால் மிஷ்னா விழுந்துபோகிறது. மிஷ்னாவை மட்டும் சொன்னால், கைதியின் உறவினர் ஒருவர் அந்த அறையில் உட்கார்ந்திருக்கலாம் என்பது மறந்துபோகிறது. இரண்டையும் வைத்துவிட்டு, அரசு எடுக்க வேண்டிய முடிவை அரசிடமே விட்டு, சபைக்கு உரிய வேலையைச் சொல்வதே முறை: குடும்பங்களுக்கு என்ன தேவை, யார் போய்ப் பார்ப்பது.

நோய் பற்றிய பராஷாக்கள் இன்னும் வழுக்கலானவை. 2020 ஏப்ரல் 25இல், கொரோனாவால் ஜெப ஆலயங்கள் மூடிக்கிடந்த வாரத்தில், தஸ்ரியா-மெத்ஸோரா வந்தது. தமிழில் 'குஷ்டரோகம்' என்று மொழிபெயர்க்கப்பட்டிருக்கும் த்ஸாராஅத்தின் சட்டங்கள் அவை. துணியிலும் வீட்டுச் சுவரிலும்கூட அது வரும் என்று அதே அதிகாரங்கள் சொல்வதால், நாம் அறிந்த தொழுநோயோடு அதைச் சமப்படுத்த முடியாது. தமிழ் வாசகருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏழு நாள் தனிமை, தேவைப்பட்டால் மறுபடி ஏழு நாள், பாளையத்துக்கு வெளியே தனி வாசம். ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் ரபிகள் மரபு த்ஸாராஅத்தைப் புறங்கூறுவதற்கான தண்டனையாகப் பார்க்கிறது. அந்தப் படியையும் சேர்த்து ஏறினால், மூச்சுக்கருவியில் கிடப்பவர் ஏதோ பேசியதால் கிடக்கிறார் என்று சொன்னதாகிவிடும். பாபா மெத்ஸியா 58ஆ இதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது: நோய் வந்தவரிடமும் பிள்ளையைப் புதைத்தவரிடமும் யோபின் நண்பர்கள் பேசியது போலப் பேசாதே. இது வெறும் நாகரிகம் பற்றிய அறிவுரை அல்ல. சொல்லால் துன்புறுத்தக் கூடாது என்ற தடைக்குள் வரும் சட்டம். பேரழிவு வாரத்தில் மேடை ஏறுபவர் மேசைமேல் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டியது. அந்தப் பராஷாவில் பிடித்துக்கொள்ள வேண்டிய வசனம் 14:3. ஆசாரியன் பாளையத்துக்கு வெளியே போய்ப் பார்க்கிறான். நோயாளி உள்ளே வர முடியாது; ஆகவே ஆசாரியன் புறப்பட்டுப் போக வேண்டும். தனித்திருப்பவருக்குத் தொலைபேசி செய்வது யார் என்று பட்டியல் போட அந்த ஒரு வரி போதும்.

செய்தி சூடாக இருக்கும்போதே பேசியாக வேண்டும் என்றும் இல்லை. 2021 ஏப்ரல் 30இல் இஸ்ரவேலின் மெரோன் மலையில் லாக் பாஓமேர் பண்டிகைக் கூட்ட நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். மறுநாள் பராஷா எமோர். அன்று பேசியவருக்கு அழுகையும் சங்கீதப் புத்தக வரிகளும் தவிர வேறு எதுவும் பொருந்தியிருக்காது. ஆகஸ்ட் 14இல் ஷோஃப்திம் வந்தது; அதற்குள் அரசு விசாரணை ஆணையமும் அமைந்திருந்தது. அந்தப் பராஷாவின்படி, கொன்றவன் யாரென்று தெரியாத பிணம் வயலில் கிடந்தால் அருகிலுள்ள ஊர் எதுவென்று அளந்து, அந்த ஊர் மூப்பர் கைகழுவி 'எங்கள் கைகள் இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை' என்று சொல்ல வேண்டும். மிஷ்னா (ஸோதா 9:6) கேட்கிறது: மூப்பர்களைக் கொலைகாரர்கள் என்று யார் நினைத்தார்கள்? பிறகு அதுவே விளக்குகிறது: சோறில்லாமல் அவனை அனுப்பவில்லை, வழித்துணையில்லாமல் விடவில்லை என்பதே அதன் பொருள். அதற்கடுத்த வாரம் கி தெத்ஸே: மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, உபாகமம் 22:8. உயரம் பத்துக் கையகலம், சுமார் 80 சென்டிமீட்டர். ஆடும் ஏணியை வீட்டில் வைத்திருப்பதையும் தல்மூத் இதே கணக்கில் சேர்க்கிறது. குடியிருக்கும் இடமல்ல என்பதால் ஜெப ஆலயக் கூரைக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. மெரோனுக்குப் பிறகு அந்த விலக்கை ஒரு சபைக்கு உரக்கப் படித்துக் காட்டினாலே போதும். மேற்கொண்டு ஒரு வார்த்தை தேவைப்படாது. அதன்பின் அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறதா, அதன் முன் நாற்காலி அடுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லலாம். பெரும்பாலும் அடுக்கித்தான் இருக்கும்.

ஒரே ஒரு வாசிப்பைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பூரிம் பண்டிகைக்கு முந்தைய ஷப்பாத்தில், இஸ்ரவேலரைத் தாக்கிய பழைய எதிரி இனமான அமலேக்கை நினைவுகூரும் மூன்று வசனங்கள் (உபாகமம் 25:17-19) கூடுதலாக வாசிக்கப்படும். இன்றைய எதிரி இன்னார்தான் அமலேக் என்று விரல் நீட்டுவது மிகச் சுலபம். 1994இல் அந்த வாசிப்பு பிப்ரவரி 19. ஆறு நாள் கழித்து, பூரிம் அன்று, ஹெப்ரோன் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக்கொன்றான். வாசிப்புதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அதன்பின் அந்தப் பெயரை இன்றைய மக்கள் யார்மேலும் ஒட்டுகிறவர், தான் என்ன பேசுகிறோம் என்று தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அசீரிய அரசன் சனகெரிப் வந்து எல்லா இனங்களையும் கலந்துவிட்டான் என்று மிஷ்னா (யாதாயிம் 4:4) அம்மோனியரைப் பற்றிச் சொன்ன வரியை அந்த உரையின் தொடக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முழுக்கக் கைவேலை. ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 120 சொல் பேச முடியும். ஏழு நிமிடத்துக்கு 840. முதல் பிரதி எப்போதும் 1,300இல் நிற்கும். வெட்ட வேண்டியது முன்னுரையையும் இரண்டாவது நகைச்சுவையையும். சபையைக் காக்க வைப்பதற்கு 'திர்ஹா தெத்ஸிப்பூரா', கூட்டத்தின்மேல் சுமை, என்று தனிப் பெயரே இருக்கிறது. கட்சிப் பெயர், வேட்பாளர் பெயர் இருந்தால் நீக்குங்கள். கேட்பவர் அந்தப் பெயரோடு காதை மூடிக்கொள்வார், வசனம் வீணாகும்.

ஆர்த்தடாக்ஸ் சபையில் ஷப்பாத் தொடங்கிய பின் எழுதவும் முடியாது, கைபேசி தொடவும் முடியாது. ஆகவே அச்சுப்பிரதி வேண்டும், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு. ஷப்பாத்தில் பொருளைத் தூக்கிச் செல்ல இடம் தரும் ஏரூவ் எல்லை ஊரில் போடப்படவில்லை என்றால் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துத் தெருவில் நடப்பதும் கூடாது. வெள்ளி மாலை சூரியன் மறையும் முன்பே ஜெப ஆலயத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இதை மறந்து வெறுங்கையோடு நிற்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எபிரேய வசனத்தை அப்படியே நகலெடுத்தால் இறைவனின் நாலெழுத்துப் பெயரும் காகிதத்தில் வந்துவிடும், பிறகு குப்பையில் போட முடியாது, புனித எழுத்துள்ள பழைய தாள்களைச் சேர்த்துவைக்கும் கெனிஸாப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். 'ஹே' என்ற ஒரு எழுத்தும் மேற்கோள் குறியும் போட்டுக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

வெள்ளி சூரியன் மறைந்த பிறகு ஏதாவது பெரிதாக நடந்தால் சபையில் பாதிக்குத் தெரிந்திருக்கும், பாதிக்குத் தெரியாது. மேடையிலிருந்து செய்தி அறிவிக்க வேண்டாம். உரையின் கடைசிப் பத்தியை மட்டும் கழற்றிவிட்டு உட்காரும்படி முன்பே எழுதிவைத்திருந்தால் தப்பிக்கலாம்.

பேசிய பின் கித்தூஷ் மேசையில் மூன்று எதிர்ப்புகள் வரும். ஒன்று உங்கள் மேற்கோள் தப்பு என்று, ஒன்று ரம்பான் வேறு மாதிரி சொல்கிறார் என்று, ஒன்று அரசியல் பற்றி. முதல் இரண்டும் அடுத்த ஆண்டு இதே பராஷா வரும்போது தங்கம். ஆனால் பேனா எடுக்க முடியாதே. சனி இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்குள் மாலை மின்ஹாத் தொழுகையில் அடுத்த பராஷாவின் முதல் பிரிவை மூன்று பேருக்கு வாசித்துவிடுவார்கள், அதில் வேறொரு வசனம் வந்து இடறும்.